பிறந்ததும் ஒளிராத புரதம்

பச்சை ஒளிர்புரதத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒளியின் வரலாறாகவே எழுதுகிறார்கள். அதைத் தாமதத்தின் வரலாறாகவும் வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. செல்லுக்குள் உருவானவுடன் இந்தப் புரதம் ஒளிர்வதில்லை. மடிந்து, தனக்குள் ஒரு வேதிவினையை முடித்து, முதிர்ந்த பிறகே ஒளிர்கிறது. அந்த இடைவெளி முதலில் எவர் கண்ணிலும் படவில்லை, பின்பு இடையூறாயிற்று, கடைசியில் அதுவே கருவியாயிற்று.

1961 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஃபிரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுராவும் ஃபிராங்க் ஜான்சனும் ஏக்வோரியா ஜெல்லிமீன்களை அள்ளிக்கொண்டிருந்தனர். குடை போன்ற உடலின் விளிம்பில் மட்டுமே ஒளி இருந்ததால், விளிம்பை வளையமாக நறுக்கித் துணியில் இட்டுப் பிழிந்தனர். அமிலம் சேர்த்தால் சாற்றின் ஒளி அடங்கியது. அமிலத்தை முறித்தால் மங்கலாகத் திரும்பியது. சோதனை முடிந்த சாற்றை ஷிமோமுரா கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி பளீரென்று நீலமாக மின்னியது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அங்கே விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்த கால்சியமே ஒளியைத் தூண்டியது. ஏறத்தாழ 10,000 ஜெல்லிமீன்களிலிருந்து அந்த நீல ஒளியைத் தரும் ஏக்வோரின் என்ற புரதம் சில மில்லிகிராம் கிடைத்தது. கூடவே வந்த பச்சைப் புரதத்துக்கு 1962 ஆய்வுத்தாளில் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு.

1979இல் ஷிமோமுரா அந்தப் புரதத்தைத் துண்டுகளாக்கி, அதன் நிறந்தாங்கியின் அமைப்பை முன்மொழிந்தார். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நிறமி எதுவும் அதில் இல்லை; புரதச் சங்கிலியின் ஒரு பகுதியே நிறந்தாங்கியாக மாறியிருந்தது. மாற்றியது எது? ஜெல்லிமீனுக்கே உரிய நொதிகளாகத்தான் இருக்கும் என்று பலரும் கருதினர்.

1992இல் டக்ளஸ் பிராஷர் 238 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் மரபணுவைப் படியெடுத்தார். ஆய்வைத் தொடர நிதி இல்லாத நிலையிலும், கேட்டவர்களுக்கு அதை அனுப்பிவைத்தார். மார்ட்டின் சால்ஃபியின் ஆய்வகத்தில் மாணவி கியா யூஸ்கிர்ச்சன், புரதத்தைக் குறிக்கும் பகுதியை மட்டும் பிரித்துப் பெருக்கிப் பாக்டீரியாவில் செலுத்தினார். பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்தது. முன்பின் வரிசைகளையும் சேர்த்துச் செலுத்திய பிற ஆய்வகங்களில் ஒளி வரவில்லை. 1994இல் வெளியான கட்டுரையில் உருளைப்புழுவின் தொடுஉணர் நரம்புகளும் ஒளிர்ந்தன. பாக்டீரியாவிலும் புழுவிலும் ஜெல்லிமீனின் நொதி ஏது? 2008 நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் போனது. அதில் பிராஷர் பெயர் இல்லாதது இந்த வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் மனத்தை உறுத்துகிறது.

ஆக்சிஜன் இல்லாமல் வளர்ந்த பாக்டீரியாக்கள் ஒளிரவில்லை, காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல ஒளிர்ந்தன என்று சியென் குழு அதே 1994இல் காட்டியது. 1996இல் வெளிவந்த படிக அமைப்புகள் மீதியை விளக்கின. 11 இழைகள் சுற்றி நின்று ஒரு பீப்பாயைக் கட்டுகின்றன. அதன் நடுவே 65, 66, 67ஆம் இடங்களில் செரின், டைரோசின், கிளைசின். மடிப்பு அவ்விடத்தில் சங்கிலியைக் கூர்மையாக வளைத்து, கிளைசினின் நைட்ரஜனைச் செரினின் கார்பனுக்கு அருகே கொண்டுவருகிறது. ஐந்தணு வளையம் மூடுகிறது. ஒரு நீர் மூலக்கூறு நீங்குகிறது; டைரோசினின் இரு கார்பன்களுக்கிடையே ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பை உண்டாக்குகிறது. இவ்விரண்டில் எது முந்தியது என்பது பின்னாளில் விவாதமாயிற்று. மடிப்புக்கும் வளையத்துக்கும் நிமிடங்கள் போதும். ஆக்சிஜனேற்றமே மிக மெதுவான படி. பீப்பாய் குலைந்தால், நிறந்தாங்கி அப்படியே இருந்தாலும் ஒளிர்வு போய்விடும். மறுபடி மடிந்தால் திரும்பிவிடும்.

ஆகவே நுண்ணோக்கியில் ஒளி தெரியவில்லை என்பதால் அங்கே புரதம் இல்லை என்று எழுதிவிட முடியாது. வேகமாக நிகழும் மரபணு இயக்கத்தை இந்த ஒளியைக் கொண்டு அளப்பவருக்கு இது பெரிய இடர். 1995இல் சியென் குழு 65ஆம் செரினைத் திரியோனினாக மாற்றியதும் ஆக்சிஜனேற்றம் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைந்தது. குளிர்ந்த கடலுக்குரிய புரதம் 37 டிகிரியில் சரியாக மடிவதில்லை என்ற குறையைப் பிற மாற்றங்கள் சீராக்கின. ஜெஃப்ரி வால்டோ குழு அதே குறையை 1999இல் அளவுகோலாக்கியது. ஒரு புரதத்தின் வாலில் ஒளிர்புரதத்தைக் கோத்தால், முன்னது சரியாக மடியாதபோது பின்னதும் மடியாது, ஒளிராது. எதனுடன் கோத்தாலும் மடிந்துவிடும் வடிவத்தை அதே குழு 2006இல் உருவாக்கியது.

தாமதத்தையே கடிகாரமாக்கியது பவளக்குடும்பத்தின் சிவப்புப் புரதம். மிகைல் மாட்ஸ் குழு 1999இல் அறிவித்த இது, நான்கு நான்காகச் சேர்ந்தே இருந்தது. முழுச் சிவப்பை எட்ட ஏறத்தாழ இரண்டு நாள் பிடித்தது. இரண்டாவது ஆக்சிஜனேற்றமும் தேவை என்பதே காரணம். அடையாளக் குறியாக அப்படியே பயன்படுத்த அது தோதுப்படவில்லை. 2002இல் ராபர்ட் கேம்பெல் 33 மாற்றங்கள் செய்து அதைத் தனித்தனியாக நிற்க வைத்தார். 2004இல் அந்த வழியில் எம்செர்ரி என்ற சிவப்பு வடிவம் வந்தது. அதற்கு முன்பே, 2000இல், அலெக்ஸி டெர்ஸ்கிக் குழு வேறு பாதையில் போயிருந்தது. அவர்கள் கண்டெடுத்த வடிவம் முதலில் பச்சையாக ஒளிர்ந்து நேரம் செல்லச் செல்லச் சிவக்கும். வளரும் கருவில் அதைச் செலுத்தினால், மரபணு இப்போதுதான் இயங்கத் தொடங்கிய இடம் பச்சையாகத் தெரியும். தொடர்ந்து இயங்கும் இடம் இரு நிறமும் கலந்து மஞ்சளாகத் தெரியும். இயங்கி ஓய்ந்த இடம் சிவப்பாக இருக்கும்.