குடும்ப ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஃபிரிட்ஜ் பொருத்துதல்

வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு ஃபிரிட்ஜை ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் டிக்கியில் நிலையாகப் பொருத்திக்கொள்வது ஆஸ்திரேலியக் குடும்பங்களிடம் பரவலாக உள்ள வழக்கம். அந்நாட்டின் தூரங்களே இதற்குக் காரணம். தென் ஆஸ்திரேலியாவின் மாரீயிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லுக்குப் போகும் மண் தடம் 500 கிலோமீட்டருக்கும் அதிகம். இடையில் முங்கரானி விடுதியை விட்டால் பாலோ இறைச்சியோ கிடைக்க வழியில்லை. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கவயலில் ஈரச் சாக்கைப் போர்த்திய அலமாரியில் உணவைக் காத்தார்கள். பிறகு ஐஸ் பெட்டி வந்தது. இன்று அந்த இடத்தில் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இருக்கிறது.

எரிவாயு, 12 வோல்ட், 240 வோல்ட் மூன்றிலும் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சமதளத்தில் நின்றால்தான் சரியாகக் குளிரும். 12 வோல்ட்டில் மிக அதிக மின்சாரம் இழுக்கும். மேடுபள்ளத்தில் குலுங்கும் வண்டிக்கு அது ஏற்றதல்ல. கம்ப்ரசர் வகை சாய்வைத் தாங்கும். ஜப்பானின் சவாஃபுஜி நிறுவனம் தயாரிக்கும் எங்கெல் ஃபிரிட்ஜில் பிஸ்டன் மின்காந்த விசையால் முன்னும் பின்னும் நேராக இயங்குகிறது. சுழலும் தண்டு கிடையாது. குடும்பத்துக்குப் போதுமான 40 முதல் 60 லிட்டர் ஃபிரிட்ஜ், கம்ப்ரசர் ஓடும்போது ஏறத்தாழ 3 முதல் 5 ஆம்பியர் எடுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி அதைவிடக் குறைவு.

வாங்குவோர் பெரும்பாலும் பிராண்டைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஆனால் குடும்ப வண்டியில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். ஆஸ்திரேலியாவில் குழந்தை இருக்கைகளுக்கு, இருக்கையின் உச்சியைப் பின்னால் இழுத்துக் கட்டும் மேல்வார் கட்டாயம். அந்த வாரின் கொக்கி வண்டிக்கு வண்டி வெவ்வேறு இடத்தில் இருக்கும்: சிலவற்றில் இருக்கையின் முதுகில், சிலவற்றில் டிக்கியின் தரையில் அல்லது கூரையில். வாரின் பாதையில் ஃபிரிட்ஜ் அமர்ந்துவிட்டால் குழந்தையின் இருக்கையைச் சரியாகக் கட்ட முடியாது. ஆகவே இருக்கைகளை எல்லாம் பூட்டி, வார்களை இறுக்கிய பிறகே டிக்கியை அளக்க வேண்டும். மூன்றாம் வரிசை இருக்கை உள்ள வண்டிகளில் ஒரு பக்க இருக்கையை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வைப்பதும் உண்டு.

இழுப்புத் தட்டு பொருத்துவதானால் தட்டின் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். லேண்ட் குரூஸர் போன்ற உயரமான வண்டிகளில் தட்டை வெளியே இழுத்தபின் ஃபிரிட்ஜின் மூடி பலருக்குத் தோள் மட்டத்தில் இருக்கும். உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்கவும் முடியாது. இதற்காகவே கீழே சாய்ந்து இறங்கும் தட்டுகள் விற்கிறார்கள். அவை வசதியானவைதான், ஆனால் கனமானவை. அந்தக் கனமும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் அடங்க வேண்டும்.

நிரம்பிய ஃபிரிட்ஜ் 50 கிலோவைத் தாண்டும். மோதலில் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக்குறைப்பு நேர்ந்தால், அது ஒரு டன் விசையோடு முன்னே பாயும். முன்னே உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகள். பைகளைத் தொங்கவிடும் பிளாஸ்டிக் கொக்கிகளில் அதைக் கட்டவே கூடாது. வண்டியின் உடலோடு போல்ட் போட்ட உலோக வளையங்கள் தேவை. இருக்கைக்கும் டிக்கிக்கும் இடையே இரும்பு வலைத் தடுப்பும் இருந்தால் நல்லது. மேல்வார் செல்ல இடமுள்ள தடுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது ஒயர். டிக்கியில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபிரிட்ஜ் ஓடும். ஆனால் குலுக்கலில் பிளக் நெகிழும், அதற்கு வரும் ஒயரும் மெலிதானது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர். 2 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.4 வோல்ட்டுக்கு மேல் தொலையும். 8 சதுர மில்லிமீட்டரில் 0.1 வோல்ட்தான். பேட்டரி தீராமல் காக்க, மின்னழுத்தம் குறைந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பு இந்த ஃபிரிட்ஜ்களில் உண்டு. மெலிந்த ஒயரில் அது ஏமாந்து, பேட்டரி நன்றாக இருக்கும்போதே ஃபிரிட்ஜை நிறுத்திவிடும். ஃபிரிட்ஜ் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் ஒயரைச் சோதிப்பது நல்லது. தடித்த ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், டிக்கியில் கழலாத ஆண்டர்சன் பிளக் ஆகிய மூன்றும் வேண்டும்.

வண்டியை நிறுத்தி இரவு தங்குவோருக்கு இரண்டாவது பேட்டரி அவசியம். இல்லாவிட்டால் காலையில் என்ஜின் கிளம்பாமல் போகலாம். சராசரி 2 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம் என்பதால் அது ஒரு நாளுக்குச் சரியாகப் போகும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, கிட்டத்தட்ட முழுவதையும் தரும். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் சூடு அதற்கு ஆகாது. பழைய வண்டிகளில் இரண்டு பேட்டரிகளையும் ரிலே ஒன்று இணைத்தால் போதும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் இரண்டாவது பேட்டரி நிரம்பாது.

கம்ப்ரசரின் காற்றுத் துளைகளைப் போர்வையும் பைகளும் அடைக்கக் கூடாது. எல்லாம் பொருத்தியபின் ஃபிரிட்ஜை ஓடவிட்டு, பேட்டரி முனையிலும் ஃபிரிட்ஜின் பிளக்கிலும் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் தெரிந்தால் ஒயர் மெலிது, அல்லது ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.