ஒரே பெயர், இரண்டு வளர்ப்புகள்: கோலாலம்பூர் ஆய்வகத்தில் எழுந்த ஒரு முரண்பாடு

ஒரே சோதனையை இருமுறை செய்து இருவேறு விடைகளைப் பெறும் மாணவர் முதலில் தம் கையையே ஐயுறுவார். அளவு பிசகியதோ, குழாய் தூய்மையாக இல்லையோ என்று தேடுவார். குப்பியின்மேல் ஒட்டியுள்ள பெயரை ஐயுறுவோர் சிலரே. அவ்வாறு ஒரு பெயரை ஐயுற நேர்ந்ததால் மலாயாவில் ஒரு நோயின் வரலாறு திருத்தி எழுதப்பட்டது.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் தோன்றியது. 1920களில் அங்கே வில்லியம் ஃபிளெச்சரும் லெஸ்லரும் டைஃபஸ் காய்ச்சலை ஆராய்ந்தனர். (டைஃபாய்டு வேறு; பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டா.) டைஃபஸ் கிருமி உயிருள்ள அணுவுக்குள் மட்டுமே பெருகும்; ஊட்டக்கூழில் வளராது. ஆகவே, 1916இல் வெயில், ஃபெலிக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட சுற்றுவழியே அன்று துணைநின்றது. புரோட்டியஸ் எக்ஸ்19 என்னும் பாக்டீரியாவை நோயாளியின் குருதிநீருடன் கலந்தால் அது திரளும். நோய்க்கு அது காரணமன்று. ஆயினும் நோயை அடையாளங்காட்டிவிடும்.

கோலாலம்பூரில் எக்ஸ்19 என்னும் அதே பெயரில் இரண்டு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா வளர்ப்பு. மற்றது கிங்ஸ்பரி என்னும் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்தது. ஒரு நோயாளியின் குருதிநீர் முதலாவதைத் திரட்டியது, இரண்டாவதைத் தொடவில்லை. மற்றொருவருடையதோ நேர்மாறாக நடந்துகொண்டது. நோய்க்குறிகள் பெரிதும் ஒத்திருக்க, சோதனை மட்டும் ஏன் முரண்படுகிறது?

கிங்ஸ்பரி வளர்ப்பைக் கெட்டுப்போனதென்று கொட்டிவிட்டிருக்கலாம். அதற்குக் காரணமும் இருந்தது: எக்ஸ்19 இன்டோல் என்னும் பொருளை உண்டாக்கும், இது உண்டாக்கவில்லை. ஃபிளெச்சர் இரண்டையும் வைத்துக்கொண்டார். நோயாளிகள் எங்கே வாழ்ந்தனர், எங்கே உழைத்தனர் என்பதைச் சோதனை விடையோடு ஒப்பிட்டார். இந்த ஒப்பீட்டையே நான் அவருடைய பெருஞ்செயலாகக் கருதுகிறேன். வார்சா வளர்ப்பைத் திரட்டியவர் பெரும்பாலும் நகரவாசிகள், கடைகளில் இருந்தோர். கிங்ஸ்பரி வளர்ப்பைத் திரட்டியவரோ செம்பனைத் தோட்டங்களிலும் புதர் மண்டிய நிலங்களிலும் உழைத்தவர்கள்.

நோய்கள் இரண்டு என்பது தெளிவாயிற்று. நகரக் காய்ச்சலை எலியின் தெள்ளுப்பூச்சி பரப்புகிறது. புதர்க்காய்ச்சலைப் புல்லிலும் புதரிலும் வாழும் சிற்றுண்ணி பரப்புகிறது. தோட்டங்களில் தமிழர் பெருந்தொகையினராக இருந்த காலம் அது. பின்னர் லூத்வெய்ட்டும் சாவூரும் விலங்குச் சோதனைகளால், இப்புதர்க்காய்ச்சலும் ஜப்பானியர் அறிந்த சுட்சுகமுஷி நோயும் ஒன்றே என நிறுவினர்.

ஆக, கிங்ஸ்பரி குப்பியின் பெயர்தான் தவறு. அதனுள் இருந்தது வேறொரு புரோட்டியஸ். இன்று அதனை மிராபிலிஸ் இனத்தில் சேர்க்கின்றனர். அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி, ஓ.எக்ஸ்.கே. என்று அது வழங்கலாயிற்று. உயிரணு வளர்ப்பிலும் இவ்வகைப் பிழை நேர்ந்ததுண்டு. வெவ்வேறு பெயரில் வளர்க்கப்பட்ட பல உயிரணு மரபுகள் உண்மையில் ஹீலா உயிரணுக்களே என்று 1966இல் கார்ட்லர் காட்டியபோது, பலர் நம்ப மறுத்தனர்.

1948இல் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு கோலாலம்பூர் வந்து, குளோராம்பெனிகால் மருந்தைப் புதர்க்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்தது, குணம் தெரிந்தது. அந்நோய் என்று கருதி மருந்து பெற்றவருள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு. அதுவும் தணிந்தது. டைஃபாய்டுக்குப் பயன்தரும் மருந்து ஒன்று கிடைத்தது இவ்வாறுதான்.