ஆசிட் அறை, ஆல்கலி அறை

மாடம்பாக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு விமானச் சத்தம் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி. எனக்கு அது பிடிக்கும். விமானப்படையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்பாலாவில் 1948-இல் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-இல் பக்கத்துத் தாம்பரத்துக்கு வந்தது. அந்தச் சத்தம் காதில் விழட்டும் என்றே இங்கே மனை வாங்கினேன்.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து தங்கை மகன் பேசினான். அங்கே மோட்டார் கிளைடர் ஓட்டுகிறான். "மாமா, மீட்டர்ல 12.6 காட்டுது. ஆனா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது."

சும்மா இருக்கும்வரை எந்தப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். எட்டுக்கு இறங்கியதாம். "மாத்திடுப்பா" என்றேன்.

பேட்டரி இல்லாத பழைய விமானங்களில் தீப்பொறிக்கு மேக்னெட்டோ இருந்தது. கிளப்புவதற்கு ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றுவார். கிளைடருக்கு எஞ்சினே கிடையாது, வின்ச் இழுத்துவிடும். 1912-இல் காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரோடு வந்தது. கைப்பிடி சுற்றும் வேலை பேட்டரி தலையில் விழுந்தது. 1980-இல் முதலில் பறந்த டிமோனா போன்ற மோட்டார் கிளைடர்களில் விமானி மேலே போய் எஞ்சினை அணைத்துவிட்டு மிதப்பார். மருமகன் ஓட்டும் வண்டியின் ரோட்டாக்ஸ் எஞ்சினில் தீப்பொறிக்குப் பேட்டரி வேண்டாம், கிளம்பிவிட்டால் ஓடும். மேலே அணைத்ததை மறுபடி கிளப்பத்தான் பேட்டரி வேண்டும். அந்தரத்தில் இறங்கித் தள்ளவா முடியும்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேட்டரிக்கு இரண்டு அறைகள். ஒன்று ஆசிட் அறை: 1859-இல் பிரான்சில் பிளான்டே கண்ட ஈய பேட்டரிக்கு. ஹைட்ரோமீட்டர் 1.28 காட்டினால் முழுச் சார்ஜ். சலவைக்குப் போய் வந்த பிறகுதான் பேன்டில் ஓட்டைகள் தெரியும். மற்றது ஆல்கலி அறை: 1899-இல் ஸ்வீடனில் யுங்னர் கண்ட நிக்கல்-காட்மியத்துக்கு. செல்லுக்கு 1.2 வோல்ட், இருபது கோத்தால் 24. அதன் காரக் கரைசல் சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் அடர்த்தி மாறாது. ஹைட்ரோமீட்டர் ஒன்றும் சொல்லாது. முழுக்க வடியவிட்டு, எத்தனை நேரம் தாங்கியது என்று பார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

முதல் வாரமே ஆசிட் ஹைட்ரோமீட்டரும் கையுமாக ஆல்கலி அறை வாசலில் நின்றேன். சார்ஜன்ட் நம்மூர்க்காரர். கத்தவில்லை. "ஆசிட் உள்ள போச்சுன்னா செல்லு காலிடா தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் தரை கழுவ வைத்தார்.

மருமகனுக்கு இப்போது லித்தியம் வேண்டுமாம். பாதி எடைகூட இல்லை. தன் நிலவரத்தைத் தானே போனுக்குச் சொல்லுமாம். ஆனால் அது கடைசிவரை வோல்டேஜைச் சீராகக் காட்டிவிட்டுச் சட்டென்று விழும் ஜாதி. அந்த விமானத்துக்கு அனுமதி பெற்ற வகைதானா என்று கேட்டேன். ஆம் என்றான். எடை குறைந்தால் சமநிலைப் புள்ளி நகரும், புதுக் கணக்குப் போட்டுப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

மறுநாள் படம் அனுப்பினான். பேட்டரி மேல் மார்க்கரில் தேதி எழுதியிருந்தான். எடைக் கணக்கு எங்கே என்று கேட்டிருக்கிறேன்.