கல் நட்ட நிலம்: எட்டுவழிச் சாலைத் திட்டமும் கணக்கில் வராத இழப்பும்

நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்படும்போது அங்கே வாழ்வோருக்கு நேரும் இழப்பை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது? நில எடுப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கொடுக்கும் தொகை போதுமா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நிலம் கைமாறும் நாளில்தான் இழப்பு தொடங்குகிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையின் அனுபவம் இதை ஏற்க விடவில்லை. அங்கே சாலை வரவில்லை, இழப்பு வந்தது. நிலம் கையைவிட்டுப் போகும் நாளைவிட, போகுமா போகாதா என்று தெரியாமல் கழியும் ஆண்டுகளே குடும்பங்களை அதிகம் குலைக்கின்றன என்பதும், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அந்த ஆண்டுகளுக்கு இழப்பீடே கிடையாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாரத்மாலா திட்டத்தின்கீழ் 2018இல் அறிவிக்கப்பட்ட இச்சாலையின் நீளம் சுமார் 277 கிலோமீட்டர்; மதிப்பீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் வழியாக அது போக வேண்டியிருந்தது. நீளத்தில் பெரும்பங்கு திருவண்ணாமலை மாவட்டத்துக்கு. அவ்வாண்டு ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு வயல்களில் அளவுக் கற்கள் நடப்பட்டன. கல்லைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களின் படங்கள் தமிழகமெங்கும் பரவின. அந்த அழுகையை வெறும் மண்பற்று என்று விளக்கிவிட்டுப் போனவர்கள் அந்த வட்டாரத்தின் வேளாண்மையை அறியாதவர்கள்.

செங்கம், அரூர், வாழப்பாடிப் பக்கங்களில் நிலத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது கிணறு. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும், முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் உரிமையும், வண்டிப்பாதை உரிமையும் எழுதப்பட்டிருக்கும். அண்ணன் நிலத்தில் கிணறு, தம்பி நிலத்துக்கு அதில் பாதி முறை என்பது சாதாரண ஏற்பாடு. சாலைக்கு அண்ணனின் சர்வே எண் போனால் தம்பியின் நிலம் ஒரு சென்ட் கூடக் குறையாமலே மானாவாரியாகிவிடும். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி பிரிவு, நிலத்தைத் துண்டாக்குவதால் வரும் சேதத்தையும், அனுபவ உரிமை இழந்தவருக்கு 10 விழுக்காடு தொகையையும் பேசுகிறது. ஆனால் இவையெல்லாம் நிலம் உண்மையிலேயே எடுக்கப்பட்ட பிறகு. கல் நட்ட அன்றே தம்பி என்ன செய்வார்? புதுக் குழாய் போட மாட்டார். தென்னம்பிள்ளை வைக்க மாட்டார். அது காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டால் கிடைக்காது. எடுப்பு அறிவிப்பு வந்த சர்வே எண்ணை அடமானமாக ஏற்க எந்த வங்கியின் சட்ட ஆலோசகரும் தயங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சட்டத்தின் படிகளைப் பார்த்தால் இந்தத் தேக்கம் எப்படி வருகிறது என்பது விளங்கும். 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிப்பு, எடுக்கும் எண்ணத்தை மட்டும் சொல்கிறது. 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஓராண்டுக்குள் 3டி பிரிவின்படி பிரகடனம் வந்தால் நிலம் எவ்வித வில்லங்கமும் இன்றி மத்திய அரசைச் சேரும். வராவிட்டால் அறிவிப்பு காலாவதியாகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் அந்த ஓராண்டில் சேராது. 3ஏ கட்டத்தில் உரிமையாளர் முழு உரிமையோடுதான் இருக்கிறார். விற்கக்கூடாது என்று இச்சட்டம் சொல்லவும் இல்லை. நடைமுறையில் அந்த உரிமை காகிதத்தோடு சரி. எட்டுவழிச் சாலை விவகாரத்தில் காகிதத்திலும் நிலைக்கவில்லை: வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர்கள் முன்கூட்டியே மாற்றப்பட்டிருந்தன.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்து, பதிவேடுகளை எட்டு வாரத்துக்குள் பழையபடி திருத்த உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று கூறி மேலே நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. ஆனால் பெயர் மாற்றம் தவறு என்ற உயர் நீதிமன்ற முடிவை அப்படியே ஏற்றது. இரு நீதிமன்றங்களும் ஒத்துப்போன இடம் இது. என் பார்வையில் இந்த வழக்கில் குடியானவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான். பட்டாவில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடன் இல்லை, வெள்ள நிவாரணம் இல்லை, மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்க நிலமும் இல்லை. பெயர் திரும்பியது. பெயரில்லாத மாதங்களுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

ஏன் தரவில்லை என்பதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் காலனி ஆட்சியின் கருவி என்று சரியாகவே கண்டிக்கப்பட்டது. அதன் 48ஆம் பிரிவில் ஒரு நியாயம் இருந்தது: அரசு எடுப்பைக் கைவிட்டால், அறிவிப்பாலும் நடவடிக்கைகளாலும் உரிமையாளருக்கு நேர்ந்த சேதத்தை மதிப்பிட்டு, வழக்குச் செலவோடு கொடுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அதை 93ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அது இல்லை. 3ஜே பிரிவு 1894 சட்டத்தை விலக்கியது. 2013 சட்டத்தின் 105ஆம் பிரிவு, நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட 13 சட்டங்களுக்கு விலக்களித்தது. மத்திய அரசின் 2015 ஆகஸ்ட் 28 ஆணை இழப்பீடு, மறுவாழ்வு, அடிப்படை வசதிகள் பற்றிய மூன்று அட்டவணைகளை மட்டும் இச்சட்டங்களுக்கும் நீட்டித்தது. 93ஆம் பிரிவு அவற்றில் வராது. வெள்ளைக்காரன் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு சாலைக்கு நிலம் கொடுக்க நேர்ந்தவருக்கு இல்லாமல் போனது. 2019இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவருக்கு மட்டும் ஆறுதல் தொகையும் வட்டியும் மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. நிலம் ஒன்று, உழவர் ஒருவர், எடுக்கும் நோக்கம் வேறு என்பதற்காக வேறு நீதியா என்ற அந்தத் தர்க்கம், கைவிடப்பட்ட எடுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

காத்திருப்பு இழப்பீட்டுத் தொகையையும் அரிக்கிறது. 2013 சட்டத்தின் 26ஆம் பிரிவு, முந்தைய மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு, கூடியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தமிழகத்தில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. கிரயங்கள் அந்த மதிப்பையொட்டியே பதிவாவது ஊரறிந்த பழக்கம். அதன்மேல், அறிவிப்பு வந்த ஊரில் நல்ல விலைக்கு யாரும் வாங்குவதில்லை. மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ அவசரமாக விற்கப்படும் நிலங்களின் பத்திரங்களே பதிவாகின்றன. முதல் அறிவிப்பு காலாவதியாகி மறு அறிவிப்பு வந்தால், அந்தப் பத்திரங்களே சராசரிக்குள் நுழையும். அரசின் அறிவிப்பே விலையை இறக்கி, இறங்கிய விலையே இழப்பீட்டுக்குச் சான்றாகிறது.

நிலமில்லாதவரின் நிலை இன்னும் கொடுமை. மறுவாழ்வு பெறும் குடும்பங்களில் குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளரையும் 2013 சட்டம் சேர்த்தது அதன் பெருமை. ஆனால் எடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு ஏது காகிதம்? கல் நட்ட நிலத்தைப் பல உடைமையாளர்கள் குத்தகைக்கு விடாமல் நிறுத்துவார்கள். குத்தகைதாரரின் உரிமை பின்னால் தொல்லையாகுமோ என்ற அச்சம். அப்படி இரண்டு ஆண்டு வேலையிழந்தவர், நிலம் எடுக்கப்படும் நாளில் பட்டியலுக்கு வெளியே நிற்பார்.

கைவிடும் திட்டத்துக்கெல்லாம் பணம் கொடுத்தால் அரசு திட்டமிடவே அஞ்சும் என்பது காத்திருப்புக்கும் இழப்பீடு வேண்டும் என்ற கோரிக்கைக்கு வைக்கப்படும் வலுவான எதிர்வாதம். பாதை மாறுவதும், ஆட்சேபம் கேட்டுக் கைவிடுவதும் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். அதற்குத் தண்டனை கூடாது என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் தயக்கத்தின் செலவு மறைந்துவிடுவதில்லை. அரசு ஏற்காவிட்டால் இரண்டு ஏக்கர்க்காரர் ஏற்கிறார். இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம், திட்ட அறிவிப்பால் வீட்டையோ பண்ணையையோ நியாய விலைக்கு விற்க முடியாமல் போனவர், அதை அரசே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவிக்கை கொடுக்க வழிசெய்கிறது. அங்கே சாலைகள் போடப்படாமல் போய்விடவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், அரசியலமைப்பின் 300ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகளைக் கண்டது. எடுப்பைத் தாமதமின்றி நடத்துவதும், அதை முடித்துவைப்பதும் அவற்றில் இரண்டு.

எனவே திருத்தம் தேவைப்படும் இடம் 3டி பிரிவு. அறிவிப்பு காலாவதியாகும் என்ற வாசகத்தோடு, 93ஆம் பிரிவின் சேத ஈட்டையும் சேர்க்க வேண்டும். நீதிமன்றத் தடையால் நீளும் காலமும் அதில் எண்ணப்பட வேண்டும்; வழக்கு நீள்வது உழவரின் குற்றமன்று. மறுக்கப்பட்ட கடன் விண்ணப்பம், முறிந்த கிரய ஒப்பந்தம், அடங்கலில் தரிசு என்று எழுதப்பட்ட போகங்கள் ஆகியவை சான்றாகப் போதும். அடங்கல் எழுதுவது கிராம நிர்வாக அலுவலர். அது அரசின் ஏடு. வாய்மொழிக் குத்தகைதாரருக்கு, அறிவிப்பு வந்த மாதமே கிராம சபையில் பெயர் பதிந்து வைக்கலாம். மூன்றாண்டு என்ற நிபந்தனை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படட்டும்.