ரேகைச் சட்டம் முதல் எமிஸ் வரை: கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பதிவேடுகளின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுத முனைகிறவர் காவல் நிலையத்தின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும். இன்றைய தேனி மாவட்டம் 1997 வரை மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கில அரசு அந்த மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது படிப்படியாக ஏவியபோது, ஆண்களின் கைரேகைகள் பதிவு செய்யப்பட்டன. ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் அதிகாரிகள் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர்.

அதே காலத்தில்தான் அதே அரசு ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிகளையும் திறந்தது. அந்தப் பள்ளிகள் பிற்காலத்தில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்குமான அரசுப் பள்ளிகளாக வளர்ந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் ஏறத்தாழ 300 அரசு கள்ளர் பள்ளிகள் இயங்குகின்றன. இப்பகுதியில் பல குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அங்கே படித்தவர்கள். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் ஒழிந்தது. ஒருவர் விருப்பத்தைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதி வைக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த மண் அளவுக்கு அறிந்த பகுதிகள் தமிழகத்தில் குறைவு. ஆகவே மாணவர் தகவல் பாதுகாப்பு என்ற பேச்சை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்து இறக்குமதியான கவலை என்று ஒதுக்குவது இங்கே பொருந்தாது.

விடுதலைக்குப் பின் பள்ளியின் நினைவாக இருந்தது சேர்க்கைப் பதிவேடு. பெயர், பிறந்த தேதி, பெற்றோர், சாதி, அங்க மச்ச அடையாளங்கள் எல்லாம் மையில் எழுதப்பட்டு, தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் இருந்தன. அந்தப் பதிவேடு பள்ளியை விட்டு எளிதில் வெளியே போகாது. தப்பாக எழுதியிருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆனால் காகிதக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. உதவித்தொகை பெறுகிறவர்களின் பெயரை வகுப்பு நடுவே உரக்கப் படித்து, யார் எந்தச் சாதி என்பதை நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் அறிவித்ததும் அந்தக் காலம்தான். சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிட விரும்பாதோர் அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று 1973லும் மீண்டும் 2000லும் அரசாணைகள் வந்தன. பல பள்ளிகளுக்கு அப்படி ஓர் ஆணை இருப்பதே தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக் கூடாது, உதவித்தொகைச் செய்தியை மாணவரிடம் தனியே சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கணினி சம்பந்தப்படாத பரிந்துரைகள்தாம் இவை. எனினும் தமிழகப் பள்ளிகளில் தகவல் பாதுகாப்பு பற்றி அண்மையில் சொல்லப்பட்டவற்றுள் மிக முக்கியமானவை இவைதாம்.

காகிதம் கணினிக்கு மாறியதை மட்டும் பெரிய மாற்றம் என்று எண்ணுவது பாதி உண்மை. 1990களின் நடுவில் தொடங்கிய, டைஸ் எனப்படும் நாடளாவிய பள்ளிக் கணக்கெடுப்பும், 2012-13இல் அதன் விரிவாக வந்த யூடைஸும் பள்ளியிடம் எண்ணிக்கையை மட்டுமே கேட்டன: எட்டாம் வகுப்பில் எத்தனை மாணவிகள், எத்தனை கழிப்பறைகள். கணினியில் ஏறிய பின்பும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. தமிழகம் ஏறத்தாழ அதே காலத்தில் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையைத் தொடங்கி, ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் கொடுத்தது. நாடு முழுவதும் மாணவர் வாரியாகத் தகவல் திரட்டும் முறை, யூடைஸின் புதிய வடிவமான யூடைஸ் பிளஸில் 2022-23இல்தான் வந்தது. அதில் 19 கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு இன்று தனி அடையாளம் உண்டு. ஒன்றிய அரசைவிடப் பல ஆண்டுகள் முன்பே தமிழக அரசு தலைக்கணக்கிலிருந்து ஆட்கணக்குக்கு மாறிவிட்டது என்பதே இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம்.

இந்தப் பள்ளத்தாக்கில் அதனால் விளைந்த நன்மை சிறிதல்ல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று மலைப்பாதைகளிலும் விடியுமுன்பே ஜீப்புகள் ஏறுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் பெற்றோர் இடுக்கிக்குப் போகிறார்கள். சில குடும்பங்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் இப்படிப் போன பிள்ளையின் பெயர் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டதோடு கதை முடிந்துவிடும். இன்று அந்தப் பெயர் எமிஸின் ‘காமன் பூல்’ பகுதிக்குப் போகிறது. வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அங்கேயே நிற்கிறது. ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதை அரசு அறிய முடிகிறது. மாணவர் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில்தான் படித்தார் என்று காட்ட வேண்டிய 7.5 விழுக்காடு மருத்துவ இட ஒதுக்கீடு, உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இவற்றுக்கெல்லாம் இந்தப் பதிவு துணை நிற்கிறது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கூலித் தொழிலாளியின் மகள் அலுவலகம் அலுவலகமாகச் சான்று தேடி அலையாமல் மாதம் 1,000 ரூபாய் பெற முடிகிறது என்றால், அந்தத் தரவுத்தளத்தை வெறுக்க நியாயமில்லை.

கவலை, அது எங்கே நிற்கும் என்பதில்தான். ஆதார் எண், வங்கிக் கணக்கு, இரத்தப் பிரிவு, உயரம், எடை, பெற்றோரின் தொழில், வருமானம், கைப்பேசி எண், அன்றாட வருகை, தேர்வு மதிப்பெண் என்று கேட்கும் இடங்கள் பெருகிக்கொண்டே போயின. இவற்றைப் பதிவேற்றிய கருவிகளில் பல, ஆசிரியர்களின் சொந்தக் கைப்பேசிகள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் வழங்கும் திட்டம் வந்ததே 2024இல்தான். அதற்கு முன்னும் பின்னும் ஆதார் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது பல பள்ளிகளில் வழக்கம். இணையம் இழுக்காத மலையடிவாரத்துப் பள்ளிக்குக் கைகொடுப்பது கடைவீதி பிரவுசிங் சென்டர். பென்டிரைவில் போகும் வகுப்புப் பட்டியல் அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? பாதுகாப்பு அரண்களைச் சென்னையிலுள்ள சர்வரில் மட்டும் கட்டினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கசிவு வெறும் அச்சமாக நிற்கவில்லை. 2022இல் தமிழகப் பள்ளி மாணவர்களின் பெயர், கைப்பேசி எண் அடங்கிய பட்டியல்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு விலைபேசப்படுவதாகச் செய்திகள் வந்தன; பள்ளிக் கல்வித் துறை காவல்துறையை நாடியது. உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லிப் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் துல்லியமாகக் கூறிப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றிக் காவல்துறை எச்சரித்தது. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் நம் ஒன்றிய அரசின் திக்‌ஷா செயலியும் இருந்தது. மாணவர் இருக்கும் இடத்தை நுட்பமாக அறியும் திறன் அதற்கு இருந்ததையும், விளம்பர அடையாள எண்ணை அது கூகுளுக்கு அனுப்பியதையும் அறிக்கை சுட்டியது. 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடுகள் திறப்பது இந்தத் திக்‌ஷாவைத்தான். திக்‌ஷாவின் தகவல்கள் பூட்டில்லாத சர்வர் ஒன்றில் கிடந்ததால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் வெளியில் தெரிந்தன என்ற செய்தியும் 2023 ஜனவரியில் வந்தது.

அடுத்தது முகம். 2018 இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி சோதனையாக வைக்கப்பட்டது. அது பெருமைக்குரிய செய்தியாகவே பேசப்பட்டது. அடுத்த ஆண்டே சுவீடன் நாட்டு ஷெல்லெஃப்டியோ நகரில் 22 மாணவர்களிடம் இதே முறையைச் சோதித்ததற்காக உள்ளாட்சிக்கு 2 லட்சம் குரோனர் அபராதம் விழுந்தது. பெற்றோர் சம்மதித்தார்களே என்ற வாதத்தை அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு ஏற்கவில்லை. பள்ளியின் கைக்குள் இருக்கும் பிள்ளையின் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்றது. முகம் காட்டினால்தான் ஆள்மாறாட்டம் ஒழியும் என்பாருக்குத் தேனியே ஒரு விடை வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் அம்பலமான நீட் ஆள்மாறாட்டத்தை வெளிக்கொணர்ந்தது கல்லூரி முதல்வருக்கு வந்த ஒரு மின்னஞ்சலும், புகைப்படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்த மனிதக் கண்களும்தாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். ஆதார் வழக்கில் அதே நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. ஆதார் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்கு உரிய நலன்களை மறுக்கக் கூடாது என்றது. 18 வயதானதும் ஆதாரிலிருந்து விலகும் வாய்ப்பு பிள்ளைக்கு வேண்டும் என்றது. 2024இல் தமிழகத்தில் ‘பயிலும் பள்ளியிலேயே ஆதார்’ திட்டம் வந்தது. ரேகையைப் புதுப்பிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளுக்கு அது அலைச்சலைக் குறைக்கிறது. நூறாண்டுக்கு முன் காவல்துறை எடுத்த ரேகையையும் இதையும் ஒன்றென்பது தவறு. அது தண்டிக்க எடுத்தது, இது நலத்திட்டத்துக்காக எடுப்பது. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அவை 18 மாத அவகாசம் தருகின்றன. ஆனால் மானியம், உதவித்தொகை போன்றவற்றை வழங்க அரசு சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாளலாம். பிள்ளைகளைக் கண்காணிக்கக் கூடாது என்று சட்டம் விதிக்கும் தடையிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. தனியார் செயலிக்குப் போடப்பட்ட வேலி அரசுப் பள்ளியின் வாசலில் தாழ்ந்துவிடுகிறது. தனியார் பள்ளிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளே அரசுப் பள்ளியில் மிகுதி; வலுவான வேலி முதலில் அவர்களுக்கு அல்லவா வேண்டும்?

சம்மதம் என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை 2024இல் பெற்றோரின் கைப்பேசி எண்களை ஓடிபி வழியாகச் சரிபார்த்த பணி காட்டியது. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கியும் காவல்துறையும் ஓயாமல் சொல்ல, பள்ளியிலிருந்து அதே ஓடிபியைக் கேட்டு அழைப்பு வந்தது. தோட்டத்தில் காய் பறிப்பவருக்குச் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் அழைப்பது ஆசிரியரா ஏமாற்றுக்காரரா என்று தெரிய வழியில்லை. எதற்காக இந்த எண், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யாருக்கெல்லாம் தெரியும் என்று எழுத்தில் ஒரு வரி அந்தப் பெற்றோர் கையில் தரப்பட்டிருக்க வேண்டும்.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மையர் பெற்றோர். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எமிஸில் உள்ள விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, அந்தந்தப் பெற்றோரிடம் தனியே தரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டலாம். தவறிருந்தால் திருத்தவும், தேவையற்றதை நீக்கக் கேட்கவும் ஒரு தேதி குறிக்கலாம். பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் உடல்நலக் குறிப்பும் வங்கி விவரமும் எப்போது அழிக்கப்படும் என்பதை அரசாணையாகவே வெளியிடலாம். கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை உள்ள பெற்றோர் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எங்கள் பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும்.