பீனிசமும் கிருமியும்: ஒரு கோட்பாட்டின் வரலாறு

மூக்கடைப்பும் முகக்கனமும் மாதக்கணக்கில் நீங்காதிருக்கும் நோயினைப் பீனிசம் என நம்மவர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். உயிரைப் பறிக்கும் நோய்களுள் ஒன்றாக அதனை எவரும் எண்ணுவதில்லை. எனவே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றும், அவ்வரலாற்றினுள் ஆயிரக்கணக்கான எளிய மனிதரின் துன்பம் புதைந்து கிடக்கின்றது என்றும் நாம் கூறினால் வாசகர் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. ஓர் உண்மையான விஞ்ஞானக் கண்டுபிடிப்பு எவ்வாறு வறட்டுச் சூத்திரமாகிப் பின்னர் மீண்டும் விஞ்ஞானமாயிற்று என்பதைக் காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

மூக்கின் இருமருங்கிலும் மேலும் பின்னுமாக, எலும்பினுள்ளே காற்று நிரம்பிய நான்கு சோடி அறைகள் உள்ளன. கன்னத்து எலும்பினுள் அமைந்த அறையை லியனாடோ டா வின்சி 1489 அளவிலேயே வரைந்து காட்டினார். 1651 இல் ஆங்கில வைத்தியர் நதானியேல் ஹைமோர் அதனை விரிவாக விபரித்தார். பல் பிடுங்கிய துளையூடாக அவ்வறையிலிருந்து சீழ் வடிந்த ஒரு பெண்ணின் கதையையும் அவர் எழுதிவைத்தார். பற்களின் வேர் அவ்வறையின் அடித்தளத்தை அண்டியிருப்பதனால், பல் நோய் அங்கு பரவுதல் இயல்பு. ஆனால் அச்சீழ் எதனால் உண்டாகின்றது என்பதை விளக்க அன்றைய அறிவு போதியதாக இருக்கவில்லை.

விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. பாஸ்ரரின் ஆய்வுகளைத் தொடர்ந்து, ரொபேட் கொக் 1876 இல் அந்திராக்சு நோயின் கிருமியையும் 1882 இல் காசநோயின் கிருமியையும் இனங்காட்டினார். தெய்வ கோபம், கெட்ட காற்று, முன்வினை என்றெல்லாம் கூறப்பட்டு வந்த விளக்கங்களின் இடத்தில், கண்ணால் காணத்தக்க ஒரு காரணம் வந்து நின்றது. மனித சிந்தனையின் வரலாற்றில் இது ஒரு பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் சத்திரசிகிச்சையும் வளர்ந்தது. 1893 இல் நியூயோர்க்கில் கோல்ட்வெல் என்பாரும், 1897 இல் பாரிசில் லுக் என்பாரும், மேலுதட்டின் கீழாகக் கன்ன அறையைத் திறந்து சுத்தஞ்செய்யும் முறையினைத் தனித்தனியே வகுத்தனர். பீனிசம் என்பது அறையினுள் அடைபட்ட கிருமிகளின் வேலை. அறையைத் திறந்து அவற்றை அகற்றினால் நோய் தீரும். இதுவே அன்றைய முடிபு.

இம்முடிபு மூக்கோடு நின்றுவிடவில்லை. 1900 அளவில் லண்டனில் வில்லியம் ஹன்ரர் என்ற வைத்தியர், வாயில் மறைந்திருக்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என வாதிட்டார். 1912 முதலாகச் சிக்காகோவில் பிராங் பில்லிங்ஸ், பல், தொண்டைச்சதை, மூக்கறை ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் கிருமிகள் தொலைவிலுள்ள மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகின்றன என்ற கோட்பாட்டைப் பரப்பினார். இதிலே உண்மையின் ஒரு கூறு இருந்தது. பல்லிலிருந்து இரத்தத்திற் கலக்கும் கிருமி, பழுதுற்ற இதய வால்வைத் தாக்கக்கூடும் என்பது இன்றும் ஏற்கப்படுவது. ஆனால் ஒரு கூறு முழுமையாகக் கொள்ளப்பட்டபோது விபரீதம் தொடங்கிற்று.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள திரென்ரன் நகரின் அரசாங்க மனநோய் வைத்தியசாலைக்கு 1907 இல் ஹென்றி கொற்றன் என்பவர் அதிபரானார். அவரைக் கொடியவர் எனச் சித்திரிப்பது எளிது, அது வரலாறாகாது. நோயாளரைப் பிணித்து வைக்கும் கருவிகளை ஒழித்தவர் அவரே. 1913 இல் நொகுச்சியும் மூரும் சித்தப்பிரமைக்கு ஆளானோர் சிலரின் மூளையிற் சிபிலிசுக் கிருமியைக் கண்டு காட்டினர். ஒருவகை மனநோய்க்குக் கிருமி காரணமாயின், எல்லா மனநோய்க்கும் ஏன் ஆகாது என்று கொற்றன் வினவினார். வினாவிலே தவறில்லை. விடையைச் சோதிக்குமுன் கத்தியை எடுத்ததே தவறு.

முதலிற் பற்கள் பிடுங்கப்பட்டன. குணம் காணாவிடத்துத் தொண்டைச்சதைகள் அகற்றப்பட்டன, மூக்கறைகள் திறக்கப்பட்டன. பின்னர் குடலிலும் கத்தி வைக்கப்பட்டது. நூற்றுக்கு 85 பேர் குணமடைந்தனர் என்று கொற்றன் முழங்கினார். குடற் சத்திரசிகிச்சைக்கு உள்ளானோரில் நூற்றுக்கு 30 அளவினர் மாண்டனர் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1921 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகம் அவரை அழைத்து விரிவுரை ஆற்றச் செய்தது. பத்திரிகைகள் போற்றின. செல்வக் குடும்பத்தினரும் அவரை நாடிச் சென்றனர் என்பது உண்மையே. எனினும் செல்வர் விலகிச்செல்ல வல்லவர். அரசாங்க விடுதியில் அடைக்கப்பட்ட ஏழைக்கு அவ்வாய்ப்பு இல்லை. சித்தம் கலங்கியவர் என முத்திரை குத்தப்பட்டவரின் மறுப்பு மறுப்பாகவே கொள்ளப்படவில்லை. அத்திலாந்திக்கின் மறுகரையில், பர்மிங்காம் நகரின் மனநோய் வைத்தியசாலைகளில், தோமஸ் கிறேவ்ஸ் என்பவர் மூக்கறைகளிலேயே மனநோயின் வேரைத் தேடிக்கொண்டிருந்தார்.

இக்கோட்பாட்டை வீழ்த்தியது யாது? மற்றொரு மேதையின் உரை அன்று, பொறுமையான ஒப்பீடு. நியூயோர்க்கில் கொப்பெலோவ் என்ற நுண்ணுயிரியலாளரும் அவர்தம் துணைவரும் நோயாளரை இரு கூட்டமாக வகுத்தனர். ஒரு கூட்டத்தாரிடமிருந்து கிருமியிருப்பிடங்கள் அகற்றப்பட்டன. மற்றக் கூட்டம் அவ்வாறே விடப்பட்டது. 1922 இலும் 1923 இலும் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி இரு கூட்டத்துக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் பிலிஸ் கிறீனேக்கர் என்ற இளம் பெண் வைத்தியர், கொற்றனின் குருவாகிய அடொல்ப் மேயரின் பணிப்பிற் திரென்ரன் சென்று ஒவ்வொரு நோயாளராகத் தேடி ஆராய்ந்தார். குணம் அரிது, மரணம் மிகுதி என்பதே அவர் கண்ட முடிவு. அவ்வறிக்கையை மேயர் வெளியிடவில்லை. மாணவனின் மானமும் தொழிலின் மதிப்பும் நோயாளரின் உயிரினும் பெரியனவாயின. கொற்றன் 1930 வரை பதவியிலிருந்து, 1933 இல் மறைந்தார். விஞ்ஞானத்தின் தவறு இது என்று பழைமைவாதிகள் கூறுவர். விஞ்ஞானமே அத்தவறைக் கண்டது. அதனை மறைத்தது அதிகாரம் என்பது நமது கருத்து.

பெனிசிலின் 1928 இல் கண்டறியப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வந்தபின் பீனிசமும் ஒழியும் என எதிர்பார்க்கப்பட்டது. அது ஒழியவில்லை. ஏன்?

அறைகளின் உட்புறம் வெறும் சுவரன்று. அதனைப் போர்த்துள்ள மென்சவ்வில் நுண்ணிய பிசிர்கள் இடையறாது அசைந்து, சளியை இயற்கைத் துவாரத்தை நோக்கித் தள்ளுகின்றன. அமெரிக்கரான ஹில்டிங் 1930 களில் இவ்வியக்கத்தை ஆராய்ந்தார். அவுஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் அகநோக்குக் கருவி கொண்டு பல்லாண்டு நோக்கி, 1978 இல் தமது நூலை வெளியிட்டார். சீழ் நிறைந்த அறை பெரும்பாலும் விளைவேயன்றி மூலமன்று. மூலம் அதன் குறுகிய வாயிலில் உள்ளது என்பது அவர்தம் துணிபு.

கிருமி குற்றமற்றதாகிவிட்டதா? இல்லை. 2004 இல், நாட்பட்ட பீனிசமுடையோரின் சவ்வில் பற்றீரியாக்கள் பசைபோன்ற படலத்தினுள் கூட்டாக வாழ்வதை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டிற்று. தனித்தலையும் கிருமியை அழிக்கும் மருந்து அப்படலத்தினுட் பெரும்பாலும் வலுவிழந்து போகின்றது. பொன்னிறக் கொத்துக்கோளக் கிருமி சுரக்கும் நஞ்சுகள் உடலின் எதிர்ப்பாற்றலை வரம்புமீறிக் கிளறுவதும் தெரியவந்தது. அதேவேளை, நலமுள்ளோரின் மூக்கறைகளிலும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது உறுதியாயிற்று. ஆகவே கிருமியின் இருப்பு மட்டுமே நோயன்று. கிருமிக்கும் சவ்வுக்கும் உடலின் எதிர்ப்புக்கும் சூழலுக்குமிடையே நிலவும் உறவு குலைவதே நோய். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இந்நோயை இன்றைய வைத்தியம் முதன்மையாக ஓர் அழற்சியாகவே கருதுகின்றது. மூக்கிற் சதைவளர்ச்சியோடு கூடிய வகைக்கென 2019 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டுப்பிலுமாப் என்ற மருந்து ஒரு கிருமியையும் கொல்வதில்லை. அழற்சியின் சமிக்ஞையையே தடுக்கின்றது. அதன் விலையோ உழைப்பாளி எட்டத்தக்கதன்று.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? தடிமன் பிடித்த உடனேயே நுண்ணுயிர்கொல்லி மாத்திரை கேட்போரும் கொடுப்போரும் இன்றும் பலர். தடிமனின் மூலம் பெரும்பாலும் வைரசு. அம்மாத்திரை அதனைத் தொடாது. ஆனால் உடலிலுள்ள பற்றீரியாக்களுள் வலியவை தப்பிப் பெருக அது வழிசெய்யும். இவ்வபாயத்தைப் பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945 இல் தமது நோபெல் உரையில் எடுத்துரைத்தார். மறுபுறம், புகையும் தூசியும் நிறைந்த தொழிற்களங்களில் மூச்சுவிடுவோருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காற்றை அவ்வாறே விட்டுவைப்பதும் ஒற்றைக் காரணம் தேடும் பழைய மனப்பான்மையே.

வகுப்பறையிற் கிருமிக் கொள்கையைக் கற்பிக்கும் ஆசிரியர், கொக்கின் வெற்றியோடு கொப்பெலோவின் ஒப்பீட்டையும், கிறீனேக்கரின் அச்சேறாத அறிக்கையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நம்பத்தக்கதாகத் தோன்றும் ஒரு கருத்தை எவ்வாறு சோதிப்பது, சோதனையின் முடிவை யார் மறைக்கின்றனர், அம்மறைப்பின் விலையை யார் கொடுக்கின்றனர் என்ற மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகுவாராயின், திரென்ரன் விடுதியிற் குரலற்று மாண்டோரின் நினைவுக்கு நாம் செய்யும் கடன் ஓரளவேனும் நிறைவேறும்.