மெட்ராஸில் பிறந்தவர் பனியில் போட்ட பாதை

குளிர்கால ஒலிம்பிக்ஸை டிவியில் பார்த்திருப்பீர்கள். பனிச்சரிவில் நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே ஒருவர் வளைந்து வளைந்து கீழே பாய்ந்து வருவாரே, அதற்குப் பெயர் ஸ்லாலம். அந்தப் பந்தயத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம்ம மெட்ராஸில்! படித்தபோது நானும் முதலில் நம்பவில்லை.

கதை அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. ஹென்றி லன் ஒரு ஆங்கிலேயர், டாக்டர், மெதடிஸ்ட் பாதிரியார். 1887ல் மிஷனரியாக இந்தியா வந்தார். அடுத்த வருடம் மெட்ராஸில் மகன் ஆர்னால்டு பிறந்தான். உடல்நிலை கெட்டதால் ஹென்றி சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். 1892ல், பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்றாக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் மாநாடு கூட்டினார். திருச்சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் ஆட்களை மொத்தமாக ஆல்ப்ஸுக்கு அழைத்துப் போகும் வேலை அவருக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. அதுவே தொழிலானது!

அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் என்றால் கோடைக்காலச் சுற்றுலாதான். குளிர்காலத்தில் பல மலை ஊர்களில் ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும். மூரென் அப்படிப்பட்ட ஒரு ஊர். சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய பாறைச் சுவரின் விளிம்பில் இருக்கும் சின்னக் கிராமம். 1891லேயே மலை ரயில் வந்துவிட்டது, ஆனால் குளிர்காலத்தில் ஓடாது. 1910ல் ஹென்றி ரயில்காரர்களிடம் பேசி, குளிர்காலத்திலும் ஓட்டச் சம்மதிக்க வைத்தார். பனி என்றால் வேலையில்லாக் காலம் என்றிருந்த ஊருக்கு, பனியே பிழைப்பானது.

இதில் உறுத்தும் விஷயமும் உண்டு. ஹென்றி தொடங்கிய கிளப்பில் இங்கிலாந்தின் பெரிய பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்களுக்குத்தான் இடம். முழு ஹோட்டலையே அவர்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள், வேறு யாரும் தங்க முடியாது. அடுத்தவர் ஊருக்குப் போய் அங்கே வேலி போட்டுக்கொள்வது நமக்குத் தெரியாத பழக்கமா என்ன?

மகன் ஆர்னால்டுக்கோ பனிச்சறுக்கு என்றால் உயிர். 1909ல் வேல்ஸ் நாட்டில் பாறை ஏறும்போது விழுந்து கால் நொறுங்கியது. ஆறியபின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அவர் விடவில்லை.

அன்றைக்குப் பனிச்சறுக்கில் நார்வேக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். நீண்ட தூரம் ஓடுவதும், மேடையிலிருந்து தாவுவதும்தான் உண்மையான விளையாட்டு என்றார்கள். ஸ்லாலம் என்ற சொல்லே நார்வேயிலிருந்து வந்ததுதான். ஆனால் சரிவில் திரும்பும் அழகுக்கு மார்க் போடும் வழக்கம் இருந்தது. ஆர்னால்டு கேட்டது எளிமையான கேள்வி: அழகை எதற்கு அளக்க வேண்டும்? கொடிகளுக்கு நடுவே யார் சீக்கிரம் இறங்குகிறாரோ அவர்தானே கெட்டிக்காரர்? 1922 ஜனவரி 21 அன்று மூரெனில் கடிகாரத்தை மட்டும் நம்பி ஸ்லாலம் நடந்தது. எட்டு வருடம் வாதாடிய பிறகு, 1930ல் சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் அதை ஏற்றுக்கொண்டது. 1931ல் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் அதே மூரெனில் நடந்தது!

இதோடு முடித்திருந்தால் இது வெறும் ஜி.கே. தகவல். என்னை எழுத வைத்தது அடுத்து நடந்த விஷயம்தான்.

ஆஸ்திரியாவின் சாங்ட் ஆன்டன் ஊரில் ஹான்னஸ் ஷ்னைடர் என்ற பனிச்சறுக்கு ஆசிரியர் இருந்தார். அவரும் ஆர்னால்டும் சேர்ந்து 1928ல் ஆர்ல்பெர்க்-கண்டஹார் பந்தயத்தைத் தொடங்கினார்கள். பத்தே வருடத்தில் அது பெரும் புகழ் பெற்றது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. நாஜிகளை எதிர்த்தவரான ஷ்னைடரைக் கைது செய்தார்கள். அந்த வருடப் பந்தயம் அவர் ஊரில்தான் நடக்க வேண்டும். ஷ்னைடர் இல்லாத ஊரில் பந்தயம் இல்லை என்று ஆர்னால்டு ரத்து செய்துவிட்டார்.

இரண்டு வருடம் முன்பு, 1936ல், ஹிட்லர் ஆட்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் இதே ஆர்னால்டு நடுவராக இருந்தவர். ஆல்ப்ஸ் முறைப் பந்தயங்கள் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக இடம்பெற்றதும் அப்போதுதான். அந்த வாய்ப்பை அவரால் விட முடியவில்லை போலும். அவர் மகன் பீட்டர் பிரிட்டிஷ் அணித் தலைவர், ஆனால் தொடக்க விழா அணிவகுப்பில் நடக்க மறுத்துவிட்டார். மகனுக்கு 1936ல் புரிந்தது அப்பாவுக்கு 1938ல் புரிந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஷ்னைடர் பிறகு விடுதலையாகி, 1939ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஆர்னால்டு 1974ல் காலமானார்.

ஒரு வாரம் லீவு போட்டு, தெரியாத ஊருக்குப் போய், விளையாடிவிட்டுத் திரும்பலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரருக்கு ஒரு கஷ்டம் வரும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் நாம் விருந்தாளியா, வெறும் வாடிக்கையாளரா என்பது தெரியும். அவசரத்தில் எதையும் பாராமல் கீழே பாய்வதற்குப் புகழ்பெற்ற ஒரு மனிதர், ஒரு நண்பருக்காக நின்றாரே, எனக்கு அதுதான் பெரிய வெற்றியாகப் படுகிறது.

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? சொல்லுங்கள்!